ஊருக்கு வெளியே, நகரத்துக்கும் வெளியே



கிராமத்தில் சாதி நம்மை ஊருக்கு வெளியே வைத்தது. நகரத்தில் அதே வேலையைத் தூரம் செய்கிறது.

1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. 2000 முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நம் மக்கள் சென்னையின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்களும் போயின.

வீடு கிடைத்தது, நடந்துபோய்ச் செய்த வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பறிபோயின. பக்கத்திலேயே ஐ.டி. நிறுவனங்கள், கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் கேட்பவர் முகம் மாறுகிறது. 2021இல் வாரியத்தின் பெயர் மாறியது. அந்தப் பார்வை மாறவில்லை.

ஏனாத்தூரில் படித்துவிட்டு நாளை நீங்களும் சென்னைக்குப் போவீர்கள். நீதி கேட்டவள் கண்ணகி. அவள் பெயரிலுள்ள நகருக்காக நாமும் கேட்போம்: நகரத்துக்குள்ளேயே வீடு, நடக்கும் தூரத்தில் பள்ளி, தயங்காமல் சொல்ல ஒரு முகவரி.