புணை

பழந்தமிழில் புணை என்றால் தெப்பம். துணை என்றும் பொருளுண்டு. வள்ளுவர் சுற்றத்தையே புணையாக உருவகித்தார்.

2021 நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாத இடத்தில், பாடசாலைப் பிள்ளைகள் ஏறிய மிதவை கவிழ்ந்தது. சில பிள்ளைகள் மீளவேயில்லை.

அதற்குப் பின்னொருநாள் ஹேவாஹெட்டயிலிருந்து மகளுடன் கண்டிக்குச் சென்றேன். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளியை மறித்து அமைத்த வாவி அது. படகேறுமுன், அவளுடைய அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கியை அணிவித்து வாரை இறுக்கினேன். "எழுந்து நிற்காதே" என்றேன்.

"உங்களுக்கு, அப்பா?"

நீந்தத் தெரியுமென்று சொல்ல வாயெடுத்தேன். தெரியாதென்பதே உண்மை. மற்றோர் அங்கியை எடுத்து நீட்டினாள். நான் மூழ்கினால் அவளைக் காப்பது யார்? வாங்கி அணிந்தேன்.