கையைக் கட்டினால் அது அமைதி இல்லை

(காலனிகளில் மாலைநேரப் படிப்பகம் நடத்தும் தோழர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தால் எனக்குச் சுலபம். ‘வகுப்பில் பிள்ளைகளுக்கு மனசை அமைதிப்படுத்தக் கற்றுத்தருவது எப்படி’ன்னு தலைப்புக் கொடுத்திருக்கீங்க. நான் ஆசிரியன் இல்லை, வங்கியில் கிளார்க். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் எங்க காலனிப் படிப்பகத்தில் பிள்ளைகளோடு உட்கார்கிற பழக்கத்தை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் அந்த வார்த்தையையே சந்தேகப்பட வேண்டியிருக்கு. நம்ம அளவுக்கு அமைதியைக் கற்றுக்கொடுக்கப்பட்ட சனம் வேற எது? கையைக் கட்டு, வாயைப் பொத்து, தள்ளி நில். ஊர்த்தெருவில் தாத்தாவுக்குச் சொன்ன அதே பாடத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் பேரனுக்கு ‘கை கட்டு, வாய்மேல விரல் வை’ன்னு சொல்றாங்க. வகுப்பில் சத்தம் இல்லைன்னா தலைமையாசிரியருக்கு நிம்மதி. அந்தச் சத்தமின்மைக்குள்ளே எத்தனை நெஞ்சு திக்குதிக்குன்னு அடிச்சுக்கிட்டிருக்குன்னு யாரும் பார்ப்பதில்லை. பயந்து உறைஞ்சுபோன பிள்ளையும் பார்க்க அமைதியாத்தான் இருக்கும்.

அதனால் இந்த வேலையே நமக்கு வேண்டாம், கோபம்தான் நம்ம சொத்து, அதையும் பிடுங்கிவிடாதே என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கோபம் வேறு, கோபத்தில் உடம்பு கைமீறிப் போவது வேறு. ஆபத்து என்று உடம்பு எண்ணிவிட்டால் நெஞ்சு வேகமாய் அடிக்கும், மூச்சு மேலோடு நிற்கும், உள்ளங்கை வியர்க்கும். ஓடுவதற்கோ அடிப்பதற்கோ உறைந்து நிற்பதற்கோ உடம்பு தயாராகிறது. அந்த நேரத்தில் ஏழெட்டு அய்ம்பத்தாறு வராது. கவுண்டரில் நோட்டு எண்ணுகிறவனுக்கு இது தெரியும். எண்பத்துமூணு, எண்பத்துநாலுன்னு போய்க்கிட்டிருக்கும்போது எதிரே ஒருத்தர் கத்தினால் போச்சு, முதல்லேருந்து எண்ணணும். எனக்காவது நடுவில் ஒரு கண்ணாடி இருக்கு. ஏழாம் வகுப்பில் நம்ம பிள்ளைக்கு என்ன இருக்கு?

நான் படித்த பள்ளியில் உதவித்தொகைப் பட்டியல் வருகிற நாளில் ஓர் ஆசிரியர், ‘எஸ்சி பசங்கள்லாம் எழுந்திரு’ என்பார். எழுந்து நிற்போம். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் நடத்திய எதுவும் எங்க மண்டையில் ஏறினதில்லை. ‘இதுங்களுக்குப் பணம் குடுத்தாலும் படிப்பு ஏறாது’ என்று அதற்கும் அவரே காரணம் சொல்லுவார். மக்கு என்பவன் இப்படித்தான் தயாரிக்கப்படுகிறான்.

மனதை அமைதிப்படுத்தும் பயிற்சிக்கு இப்போது நல்ல மவுசு. 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சி, பின்னால் பல நாட்டுப் பள்ளிகளுக்குள் வந்தது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் எட்டாம் வகுப்பு வரைக்கும் ‘மகிழ்ச்சிப் பாடம்’ என்றே ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. வகுப்பு மொத்தத்துக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்ததில், பள்ளிகள் ஏற்கெனவே செய்துவந்ததைவிடப் பெரிய பலன் ஒன்றும் இல்லை என்றது அது. வீட்டில் போய்ச் செய்து பார்த்த பிள்ளைகளும் ரொம்பக் குறைவு. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: மேலேயிருந்து எல்லாருக்கும் ஒரே கஷாயத்தை ஊற்றாதே. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவருதுன்னு பக்கத்தில் உட்கார்ந்து பார்.

மூச்சுப் பயிற்சி என்றதும் ‘யோகாவா?’ என்று நம்மாளுக்கு முகம் சுளிக்குது. மூச்சைக் கவனிக்கச் சொன்னவர் புத்தர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதருக்கும், 1956இல் நாகபுரியில் லட்சக்கணக்கான சனங்களோடு பௌத்தம் ஏற்ற பாபாசாகேபுக்கும் அவர்தான் ஆசான். மூச்சுக்கு எவனும் பட்டா போட்டு வைக்கவில்லை.

செய்முறைக்கு வருகிறேன். நாலு எண்ணும்வரை மூச்சை இழுக்கணும், ஆறு எண்ணும்வரை மெதுவா விடணும். சூடான கஞ்சியை ஊதுகிற மாதிரி என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். விடுகிற மூச்சு நீண்டால் நெஞ்சுத்துடிப்பு தணியும், அதனால்தான் விடுவதற்கு எண்ணிக்கை கூட. கண்ணை மூடச் சொல்லாதீங்க. எந்தப் பக்கமிருந்து அடி விழுமோன்னு பார்த்தே வளர்ந்த பிள்ளைக்குக் கண்ணை மூடுவதே பயம். தரையைப் பார்க்கட்டும், ஜன்னலைப் பார்க்கட்டும். இன்னொன்று, கண்ணில் படுகிற அய்ந்து பொருளைப் பேர் சொல்ல வைப்பது. கதவு, பை, பல்லி... சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை இந்த இடத்துக்குத் திரும்பி வந்திருக்கும். உட்காரவே முடியாத பையன் சுவரை ரெண்டு கையாலும் தள்ளட்டும், கரும்பலகையைத் துடைக்கட்டும். துடைப்பத்தை மட்டும் கொடுத்துவிடாதீங்க. அதை அவன் கையில் திணிக்க வெளியே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சண்டை நடக்கும்போது தொடங்குகிற வேலை இல்லை. ஒன்றும் நடக்காத நாளில், சிரித்துக்கொண்டிருக்கும்போது பழக்கணும். முதலில் வாத்தியார் தான் செய்யணும். பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு ‘மூச்சை இழு’ன்னா எவன் இழுப்பான்? 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனசை வதைப்பதையும் தடை செய்திருக்கு. அந்தப் பிரிவு எத்தனை வகுப்பறைக்குள் போயிருக்குன்னு பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவாங்க.

ஒரு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசணும். வெளிநாட்டுப் புத்தகங்களில் ‘அமைதி மூலை’ என்று ஒன்று சொல்கிறார்கள். மனசு கலங்கிய பிள்ளை போய் உட்கார வகுப்பில் ஒரு மூலை, மெத்தை, பொம்மை. நல்ல யோசனைதான். ஆனால் நமக்கும் மூலைக்கும் ஒரு வரலாறு இருக்கு, தோழர்களே. சிறுவன் பீமாராவ் வகுப்பில் தனியாக ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கை விரித்து உட்கார்ந்தவர். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் அவருக்குத் தண்ணீர். அந்த மூலைக்கு ‘அமைதி’ என்று புதுப்பெயர் வைத்து நம்ம பிள்ளையையே திரும்பத் திரும்ப அனுப்பினால் அதற்குப் பெயர் என்ன? இடம் இருக்கட்டும். ஜன்னல் பக்கமா இருக்கட்டும். போவதும் வருவதும் பிள்ளையின் இஷ்டமா இருக்கட்டும். ‘அங்க போய் உட்காரு’ன்னு ஒரு தடவை சொல்லிட்டாலே அது தண்டனை.

மூச்சு தணிந்த பிறகு என்ன? இங்கேதான் பள்ளிக்கூடங்கள் நழுவுகின்றன. பிள்ளை அடங்கிவிட்டது, வேலை முடிந்தது என்று பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ‘என்ன நடந்தது, யார் என்ன சொன்னா?’ என்று கேட்கணும். கேட்டதை எழுதி வைக்கணும். அதன்மேல் ஏதாவது செய்யணும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். தனக்கு நடந்த கொடுமையைப் பள்ளியில் சொன்னவன் அவன். அந்தப் பையனுக்கு மூச்சை எண்ணக் கற்றுத்தந்து என்ன பயன்? அப்படிப் பார்த்தால் அமைதிப் பயிற்சி முதலில் தேவைப்பட்டது அரிவாள் எடுத்தவர்களுக்கு. கையில் கலர் கயிறு கட்டி அனுப்புகிற வீட்டில் அதை யார் கற்றுத்தருவது? அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, அகரவரிசையில் உட்கார வையுங்கள் என்றது. மனசை அமைதிப்படுத்தும் வழிகளில் இவைதான் முதல் வழிகள் என்பேன்.

கோபம் தணிந்தால் போராட்டம் தணியும் என்று பயப்படுகிற தோழர்களுக்கு ஒரு சிறுமியைச் சொல்கிறேன். ஜோதிராவ், சாவித்திரிபாய் புலேயின் புனே பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா. மாங், மகார் மக்கள் பட்ட துன்பத்தை அவள் எழுதிய கட்டுரை 1855இல் மராத்தி இதழில் அச்சானது. அவள் கோபத்தை யாரும் பிடுங்கவில்லை. உட்கார ஓர் இடமும், அடிக்காத ஆசிரியரும், கையில் எழுதுகோலும் கிடைத்தது. நடுங்குகிற கையால் எழுத முடியாது.

கடைசியா ஒரு வேலை. நம்ம படிப்பகங்கள் பலவற்றில் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுதுங்க. அழுது முடித்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு வாய் தண்ணிதான். இடத்துக்கு ஒரு மண்பானை, ரெண்டு டம்ளர். யாரும் ஊற்றிக் கொடுக்க வேண்டாம், அதுவே மொண்டு குடிக்கட்டும். என் பங்கை இப்பவே தர்றேன். மிச்சத்துக்கு நோட்டு வாசல்ல இருக்கு, போகும்போது பேர் எழுதிட்டுப் போங்க.