பழைய வண்டியும் துருவும்

கல்லூரியில் படிக்கும் என் தமையன் மகன் ஒரு நாள் மாலை என்னைத் தேடி வந்தான். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலை பேசி, விடுமுறை நாட்களில் வேலை செய்து சேர்த்த பணத்திலிருந்து அச்சாரமும் கொடுத்துவிட்டு வந்திருந்தான். "வண்டி புத்தம் புதிதுபோல் மின்னுகிறது, சித்தப்பா. சக்கர வளையத்தில் மட்டும் கொஞ்சம் துரு இருக்கிறது. அதைப் போக்கும் வழியைச் சொன்னால் போதும்" என்றான். கடலுக்கு அரை மைல் தொலைவில் பத்து ஆண்டுகள் நின்ற வண்டி அது. அத்தகைய வண்டியில் துரு கொஞ்சந்தான் என்பதை என் மனம் நம்ப மறுத்தது. மறுநாள் காலை இருவருமாகச் சென்று பார்ப்பது என்று முடிவு செய்தோம். அங்கே கண்டதைச் சொல்லுமுன், துரு எங்ஙனம் உண்டாகிறது என்பதைச் சற்றே ஆராய்வது நலம்.

இரும்பு பூமியில் பெரும்பாலும் தனி இரும்பாகக் கிடைப்பதில்லை. பிராணவாயுவோடு கூடிய தாதுவாகவே கிடைக்கிறது. உலையிலிட்டு, பெரும் வெப்பம் ஊட்டி, அவ்விரண்டையும் நாம் பிரிக்கிறோம். பிரிந்த இரும்போ சமயம் வாய்த்தபோதெல்லாம் பழைய உறவை நாடுகிறது. அதற்குக் காற்றிலுள்ள பிராணவாயுவும் வேண்டும், நீரும் வேண்டும். உப்பும் கூடிவிட்டால் காரியம் விரைந்து நடக்கும். ஏனெனில், உப்பு நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். துருவுக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் வியக்கக்கூடும். துருப்பிடித்தலே ஒரு சிறு மின்கலத்தின் தொழில்தான்.

இதனைக் கண்ணெதிரே காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யு. ஆர். எவன்ஸ் என்னும் விஞ்ஞானி. 1889-ல் பிறந்து 1980-ல் மறைந்த அவர், உலோக அரிப்பை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவருடைய சோதனையை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். நன்கு தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் உப்புநீர்த் துளி ஒன்றை இடுங்கள். அந்த நீரில் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பினால்ப்தலீனும் சிறிதளவு கலந்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் துளியின் நடுவில் நீல நிறமும், ஓரத்தில் இளஞ்சிவப்பு நிறமும் தோன்றும். இரும்பு கரைந்து நீரில் இறங்குவதற்கு நீலம் சான்று. ஓரத்தில் பிராணவாயு செலவாகி நீர் காரத்தன்மை அடைவதற்கு இளஞ்சிவப்பு சான்று. துளியின் ஓரம் மெல்லியது. ஆதலால் அங்கே காற்று எளிதில் நுழைகிறது. நடுப்பகுதிக்குக் காற்று அரிதாகவே எட்டுகிறது. தேய்வது எதுவென்று பாருங்கள்: காற்று நன்றாகப் படும் ஓரம் பிழைத்துக்கொள்கிறது, காற்று எட்டாத நடுப்பகுதி குழி விழுகிறது. செந்நிறத் துருவோ இரண்டுக்கும் இடையில் ஒரு வளையமாகப் படிகிறது. ஆக, துரு தெரியும் இடம் ஒன்று, இரும்பு கரையும் இடம் மற்றொன்று.

இந்தச் சிறு துளியை மனத்திற்கொண்டு ஒரு வண்டியை நோக்கினால் நம் பார்வையே மாறிவிடும். வெயிலும் காற்றும் படும்படி வெளியே சிவந்து தெரியும் துரு பெரும்பாலும் மேலோட்டமானது. சேறு அப்பிக் கிடக்கும் இடம், மட்கார்டின் உட்புறம், கவ்விகளின் அடிப்பகுதி, ஆரக்கம்பி வளையத்தில் நுழையும் துளை, பேட்டரி அமர்ந்திருக்கும் தட்டு ஆகியவைதாம் அஞ்சத்தக்கவை. பேட்டரித் தட்டுக்கு மற்றொரு பகையும் உண்டு. கசியும் கந்தக அமிலம் தட்டையும் அதன் அருகிலுள்ள குழாயையும் சேர்த்தே தின்றுவிடும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பதன் காரணம் பலருக்கு விளங்குவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது ரசாயனக் கணக்கு. வேண்டுமானால் ஆக்டேனின் சமன்பாட்டை எழுதிச் சரிபாருங்கள். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அந்நீர் ஆவியாக வெளியேறிவிடும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறுமுன்பே பயணம் முடிந்துவிடுகிறது. நீர் அடியிலேயே தங்கிவிடுகிறது.

இனி நம் வண்டிக்கு வருவோம். சக்கர வளையத்தில் இருந்த துருவைப் பார்த்தேன். குரோமியப் பூச்சின் நுண்ணிய துளைகள் வழியே எட்டிப் பார்த்த செம்புள்ளிகள் அவை. சமையலறையில் பொதி கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்துத் தேய்த்ததும் பெரும்பகுதி போய்விட்டது. அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆகையால் முலாம் கீறுவதில்லை. பையனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நானோ தரையில் படுத்து, பின் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயைப் பார்த்தேன். பட்டறைகளில் அதனை 'ஸ்விங் ஆர்ம்' என்பார்கள். அதன்மேல் புதுக் கறுப்பு வர்ணம் பளபளத்தது. அடிப்புறத்தில், சங்கிலியின் எண்ணெயும் சாலைச் சேறும் சேர்ந்து இறுகிய இடத்தில் மட்டும் வர்ணம் கொப்புளம்போல் சற்றே உயர்ந்திருந்தது. துரு இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வது. அதனால்தான் மேலுள்ள வர்ணத்தை அது தூக்கிவிடுகிறது. திருப்புளியின் முனையால் அங்கே மெல்லக் குத்தினேன். முனை உள்ளே போய்விட்டது.

பையன் முகம் வாடிற்று. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அக்குழாய் முறிந்தால் என்ன ஆகும் என்பதை நான் அவனுக்கு எடுத்துச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

துரு நீக்கும் முறைகளையும் அன்று அவனுக்குச் சொன்னேன். மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் இரும்பு தெரியுமட்டும் தேய்க்க வேண்டும். குழிகளில் எஞ்சியதைப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி கெட்டியான பாஸ்பேட்டாக மாற்றும். அதன்பின் தாமதமின்றி முதற்பூச்சும் வர்ணமும் இட வேண்டும். சிறு நட்டுகளையும் சாதாரண போல்ட்டுகளையும் புளிக்கரைசலில் ஓர் இரவு ஊறவைக்கலாம். பித்தளைக் குடத்தை நம் பாட்டிமார் புளியிட்டு விளக்கியதும் இதே அமில வித்தைதான். மறுநாள் நன்றாகக் கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும். இல்லையேல் மாலைக்குள் மீண்டும் சிவந்துவிடும். கழிவறை கழுவும் கடும் அமிலத்தை மட்டும் தொடவே கூடாது. அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் வலுமிக்க எஃகினுள் புகுந்து, சுருள்வில்லையும் உறுதியான போல்ட்டையும் திடீரென முறியும்படி செய்துவிடும். பெட்ரோல் டேங்கின் உட்புறத் துருவைச் சுத்தம் செய்யும்போது நெருப்பை அருகே விடலாகாது. வெறுமையான டேங்கில் நிற்கும் ஆவி, நிறைந்த டேங்கிலுள்ள பெட்ரோலைவிட ஆபத்தானது.

உப்புக்காற்றில் உலோகம் தேயும் விதத்தை ஆராய்வதற்கென்றே நம் நாட்டில் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் வழங்க, காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் இதற்கென ஒரு கிளையை நடத்துகிறது. வண்டிமேல் ஆசையுள்ள மாணவர்களில் சிலராவது அத்துறைக்குச் செல்லக் கூடாதா என்பது என் நெடுநாளைய எண்ணம்.

குழாயை ஒட்டவைத்துவிடலாம் என்று பையன் வெல்டிங் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அங்கிருந்த முதியவர் சுத்தியலால் இரண்டு இடங்களில் தட்டினார். ஓரிடத்தில் கணீரென்றது, மற்றோரிடத்தில் ஓசையே எழவில்லை. "ஓட்டையை அடைப்பது பெரிதில்லை, தம்பி. ஆனால் ஒட்டுப் பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் இரும்பு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார். கூலிக்கு வரும் வேலையை வேண்டாம் என்ற அம்மனிதரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று.

விற்றவர் முதலில் சினந்தார். பிறகு குழாயை நேரில் கண்டு விலையைக் குறைத்துக்கொண்டார். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய நல்ல ஸ்விங் ஆர்ம் ஒன்றைத் தேடிப் பொருத்துவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. கழற்றிய பழைய குழாயை எறிந்துவிடாமல், பையன் அதனை வாளால் நெடுக அறுத்துப் பார்த்தான். உள்ளிருந்து ஒரு கைப்பிடிச் செம்பொடி கொட்டிற்று. வர்ணம் மாறாத மேற்புறம் காகிதக் கனமே இருந்தது. அக்குழாய் இன்று அவன் கல்லூரி ரசாயன ஆய்வுக்கூடத்தில், எவன்ஸின் துளிச் சோதனை செய்யும் மேசையின் மேல் கிடக்கிறது.