தோட்டம் விட்டுப் பட்டணம் போனது ஏன்?

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

"பட்டணத்து மோகத்தால் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள்" என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். மோகம் ஒன்றா அவர்களைக் கிளப்பியது? சரித்திரத்தைச் சற்றே புரட்டுவோம்.

நம் பாட்டன்மார் ஊரை விட்டதும் மோகத்தால் அல்ல. சொந்த நிலமில்லை, கடன் கழுத்தை நெரித்தது, மழை பொய்த்தது. ரப்பருக்கு ஆள் தேடிக் கங்காணி வந்தார்; கப்பல் ஏறினார்கள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு கூலிகளின் உதவிப் பயணத்தையே நிறுத்தியது. வேலை இருந்தால் வா, இல்லையேல் போ! இதுவே தோட்டத்து நீதி.

அந்த நீதி லயத்திலும் நின்றது. வேலை போனால் கூரையும் போகும். 1950-களில் தோட்டத் துண்டாடல் பரவியபோது, இரண்டையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் பல. அதைத் தடுக்கவே துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969-இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட் வந்தது; பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். பின்னர் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு அன்றாட வெட்டு இல்லை. தேவைப்படும் ஆளும் குறைவு.

அதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆலைகள் ஆள் கேட்டன. போனவர்களுக்குக் கூலி கிடைத்தது; வீடு கிடைக்கவில்லை. ஆற்றோரத்திலும் ரயில்பாதை ஓரத்திலும் பலகை வீடு கட்டினர். புறம்போக்கு என்று அவையும் உடைக்கப்பட்டன. 1970-இல் நாட்டு மக்களில் மூவரில் ஒருவருக்கும் குறைவானோரே நகரவாசிகள். 2020-இல் நால்வரில் மூவர். அந்த வளர்ச்சியில் நம்மவர் வியர்வையும் உண்டு, கண்ணீரும் உண்டு.

தோழர்களே, பிழைப்பு தேடி இடம் மாறுவது மனித இயல்பு. ஆனால் வீடு வேலையோடு கட்டுண்டு கிடந்தால், அது மாறுவதல்ல, துரத்தப்படுவது. இன்று செம்பனைக் குலை அறுக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம் பாட்டன் வந்த வழியேதான் வந்திருக்கிறார்கள். அவர்களைப் பகைக்க வேண்டாம்.

நம் கோரிக்கை ஒன்றே: உழைத்து ஓய்வதற்குள் தொழிலாளியின் பெயரில் ஒரு வீடு! ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்க வழியுண்டு, கேட்டறியுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் சரியாக உள்ளனவா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். பத்திரம் இல்லாதவனுக்குப் பட்டணத்துக் கதவும் எளிதில் திறவாது.