மருந்தடிக்கிறவர்களின் ரத்தம்

(விவசாயக் கூலித் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர் கூலி உயர்வு பற்றிப் பேசினார். அந்தக் கூலிக்கு வேலை செய்கிற உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்னு நான் வந்திருக்கேன். நான் டாக்டர் கிடையாது. மருந்தடிச்சவரோட மகன். இந்த விஷயத்தைப் பேச அந்தத் தகுதி போதும்னு நினைக்கிறேன்.

முதலில் இந்த 'மருந்து'ங்கிற வார்த்தை. பருத்திக்கு மருந்து அடிக்கிறோம். கடன் தாங்காதவன் மருந்தைக் குடிச்சிட்டான் என்கிறோம். சக்கரைக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நிக்கிறோம். எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்டு, மண்டையோடு வரைஞ்சு, விஷம்னு அவனே எழுதி வச்சிருக்கான். நாமதான் மருந்துன்னு கூப்பிடுகிறோம். பயிருக்கு மருந்து, சரி. அடிக்கிறவனுக்கு?

எங்க அய்யா முப்பது வருஷத்துக்கு மேலே மருந்தடிச்சார். சொந்த நிலம் ஒரு சென்ட் கிடையாது. ஒரு டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் ஒரு நாளில் எத்தனை டேங்க் முடியுமோ அத்தனையும் அடிப்பார். கைலியை மடிச்சுக் கட்டி, மூஞ்சியில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. டேங்க் மூடி இறுகாது. குனிகிறபோதெல்லாம் முதுகில் ஒழுகும். மத்தியானத்துக்குள் பனியன் நனைஞ்சுவிடும். நாசில் அடைச்சா கழற்றி வாயில் வச்சு ஊதுவார். எங்க தெருவில் ஊதாத ஆள் கிடையாது. நானும் ஊதியிருக்கேன். அம்மா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கொடுப்பாள். மறுநாளே, ஈரம் காயாத அந்தச் செடிகளுக்குள் களையெடுக்க இறங்குவாள். மருந்தடிக்கிறவங்க யாருன்னு கணக்கெடுத்தா அம்மா பேரு வராது.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று டப்பாவோடு வருகிற தாளில் அச்சடிச்சிருக்கு. எங்கே கழுவுறது? பம்புசெட் தொட்டி பத்தடி தூரத்தில் இருக்கு. அதில் நாங்க கை வைக்கக் கூடாது. மருந்து கலக்குற தண்ணியும் அந்தத் தொட்டித் தண்ணிதான். முதலாளி வீட்டுப் பையன் மோந்து அம்மாவோட குடத்தில் உயரத்திலிருந்து ஊத்துவான். விஷத்தைக் கலக்க ஆகிற தண்ணீர் விஷத்தைக் கழுவ ஆகாது. அய்யா நனைஞ்ச முதுகோடு ஒன்றரை மைல் நடந்து வீட்டுக்கு வந்துதான் குளிப்பார். இந்த விஷம் தோல் வழியாகவே உள்ளே போகக்கூடியது. 1927இல் மகத் குளத்தில் அண்ணல் இறங்கியது குடிக்கிற தண்ணீருக்காக என்று பாடத்தில் படிச்சோம். உடம்பைக் கழுவிக்கொள்கிற தண்ணீரும் அந்தக் கணக்கில் இன்னும் பாக்கி நிற்கிறது.

ஐம்பது வயசு நெருங்கும்போது அய்யாவுக்குச் சக்கரை என்றார்கள். டாக்டர் சொன்னது: அரிசியைக் குறை, காலையில் நட. தினமும் வரப்பில் விடிஞ்சதிலிருந்து நடக்கிற மனுசனை நடக்கச் சொன்னார். பிறகு காலில் புண். முதலில் இரண்டு விரல், அப்புறம் பாதம். இத்தனை வருஷத்தில் ஒரு ஆஸ்பத்திரியிலும் 'நீ என்ன வேலை பார்க்கிறாய், எந்த மருந்தை அடிக்கிறாய்' என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சீட்டில் 'விவசாயம்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இப்போ ஆய்வுக்கு வருகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 3,080 பேரைப் பரிசோதித்தார்கள். 2017இல் 'ஜீனோம் பயாலஜி' இதழில் அது வெளிவந்தது. பூச்சிமருந்தோடு நேரடியாகப் புழங்குகிறவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சக்கரை. புழங்காதவர்களில் 6.2 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ரத்தத்தில் ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தின் மிச்சம் கூடக் கூடச் சக்கரை அளவும் கூடியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று எலிகளுக்கு மோனோகுரோட்டோபாஸை 180 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நம்ம பருத்திக்காட்டில் 'மோனோ' என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அந்த விஷத்தை உடைக்கின்றன. உடைக்கும்போது அசெட்டிக் அமிலம் உண்டாகிறது. அது உடம்புக்குள்ளேயே சக்கரை தயாராவதைத் தூண்டிவிடுகிறது. அதாவது, இனிப்பே தின்னாதவனுக்கும் சக்கரை ஏறுவதற்கு ஒரு வழி இருக்கிறது.

சக்கரை எல்லாத்துக்கும் மருந்தடிக்கிறதுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. ரேஷன் அரிசியை மட்டுமே தின்கிற ஏழ்மை இருக்கு, பரம்பரை இருக்கு, சாராயம் இருக்கு. எலிக்கு நடந்ததெல்லாம் மனுசனுக்கு அப்படியே நடக்கும்னும் சொல்ல முடியாது. ஆனால் இது ஒரே ஒரு ஊர்க் கதையும் கிடையாது. அமெரிக்காவில் அயோவா, வடக்கு கரோலினா மாநிலங்களில் 1993 முதல் நடக்கிற ஆய்வு ஒன்று உண்டு. மருந்தடிப்பவர்கள் முப்பதாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததில், சில பூச்சிமருந்துகளை அதிகம் அடித்தவர்களுக்குச் சக்கரை வருவது கூடுதலாக இருந்தது என்று 2008இல் எழுதினார்கள். 2014இல் மருந்து கலந்த, அடித்த விவசாயக் குடும்பப் பெண்களைப் பற்றியும் அதே மாதிரி எழுதினார்கள். அங்கே இதைப் பார்க்க முடிந்ததற்குக் காரணம் என்ன? மருந்தடிக்க அங்கே உரிமம் வாங்க வேண்டும், உரிமம் வாங்கியவனின் பெயர் பதிவாகியிருக்கும். இங்கே பட்டா வைத்திருக்கிறவன் பெயர்தான் பதிவில் இருக்கு. டேங்க் சுமக்கிறவனுக்குப் பெயரே கிடையாது. ஆய்வுகளும் 'விவசாயச் சமூகம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுகின்றன. வரப்பில் நின்று 'அங்கே அடிடா' என்று கை நீட்டுகிறவனும், அடிக்கிறவனும், களையெடுக்கிறவளும் ஒன்றா? மாணவத் தோழர்கள் யாராவது ஆய்வு செய்யப் போனால் தயவுசெய்து இந்த மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். பலபேர் கூலிகள். கையுறை போடலை, முகமூடி போடலை என்றுதான் அப்போது அதிகம் பேசினார்கள். 2013இல் பீகாரில் பள்ளிக்கூட மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் செத்தன. காய்கறிக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை இருந்தது, தின்பவர்களை நினைத்து. 36 சதவீதத் திரவத்தின் பதிவை ரத்து செய்ய 2023 வரை ஆச்சு. அப்போதும் இருப்பை விற்றுத் தீர்க்க அவகாசம் கொடுத்தார்கள். ஒரேயடியாகக் குடித்துச் சாகிறவன் செய்தியில் வருகிறான். முப்பது வருஷம் தோலாலும் மூச்சாலும் குடித்தவன் 'சக்கரை வந்து செத்தான்' என்று முடிந்துபோகிறான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கு. 1968இல் பூச்சிமருந்துச் சட்டம், 1971இல் அதற்கு விதிகள். 37ஆவது விதியைப் படியுங்கள். மருந்து தெளிக்கிற வேலையில் இருப்பவர்களை வேலைக்கு முன்னும் பிறகு அவ்வப்போதும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் மருந்துகளோடு புழங்குகிறவருக்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டும். நரம்பு விடுகிற செய்தியை வேலை முடிந்ததும் அணைத்து வைக்கிற நொதி அது. இந்த விஷம் முதலில் அதைத்தான் முடக்கும். அது குறைந்தால் ஆளை வேலையிலிருந்து விலக்கிவிடலாம். ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கிற விதி. மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள் என்று சொல்லக்கூடிய கூலி ஒருத்தர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

(யாரும் கை தூக்கவில்லை.)

எங்க ஊரில் ஒரு நோட்டுப் போட்டிருக்கோம். யார், எந்த தேதி, யார் காட்டில், எந்த மருந்து, எத்தனை டேங்க், அன்னைக்கு ராத்திரி தலைச்சுற்றலா, வாந்தியா. களையெடுத்த பெண்கள் பெயரும் தனியாக. டப்பா லேபிளைக் கிழித்து ஒட்டி வைக்கிறோம். இதுவரைக்கும் பதினேழு பேர் எழுதியிருக்காங்க, எழுதத் தெரியாதவங்களுக்கு பிள்ளைங்க எழுதுது. அடுத்த மாசம் அந்த நோட்டையும் 37ஆவது விதியின் நகலையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். ரத்தம் எடுக்கச் சொல்லப் போகிறோம், சக்கரைக்கும் சேர்த்து. 'அதுக்கெல்லாம் இங்கே வசதி இல்லை' என்று சொன்னால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்போம். கூட வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிற அக்காவிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டு வேண்டுமென்றாலும் அவங்ககிட்டயே இருக்கு.