வழியில் நின்ற கார்: காரணம் அறிவது எப்படி?

(தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரை)



மரத்தில் பால் குறைந்தால் நீங்கள் உடனே மரத்தைச் சாய்த்துவிடுவதில்லை. பட்டை காய்ந்துவிட்டதா, வெட்டின் ஆழம் போதவில்லையா, வெயில் ஏறிய பின் வெட்டினோமா என்று ஒவ்வொன்றாக ஆராய்கின்றீர்கள். நின்றுபோன காரையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும்.

நம் குடும்பங்கள் பலவற்றில் இருப்பது பழைய கார். கிள்ளான் மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கொண்டு செல்வதும், பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குத் திருமணப் பொருள் வாங்கச் செல்வதும் அதில்தான். காரணம் அறியாமல் உறுப்புகளை மாற்றினால், பல நாள் கூலி ஒரே நாளில் கரைந்துவிடும்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் முதற்கடமை உயிர்காப்பே. ஓட்டம் அடங்குமுன் சாலையோரம் ஒதுக்குங்கள். எச்சரிக்கை விளக்குகளை எரியவிடுங்கள். உடன் வந்தோரைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள்.

பிறகு சாவியைத் திருப்பிக் காதுகொடுத்துக் கேளுங்கள். விளக்குகள் மங்கி, 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் எழுந்தால் பாட்டரியில் மின்சாரம் போதவில்லை. அதன் முனைகளில் வெண்பொடி பூத்துள்ளதா, இணைப்புத் தளர்ந்துள்ளதா என்று முதலில் பாருங்கள். விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் இயந்திரம் சுழலவில்லையெனில் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சோதிக்க வேண்டும்.

இயந்திரம் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையெனில், பெட்ரோலோ தீப்பொறியோ கிட்டவில்லை என்று கொள்ளலாம். 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. இன்றைய பெட்ரோல் கார்களில் தொட்டிக்குள் இருக்கும் மின்பம்பு எண்ணெயை அனுப்புகிறது. சாவியை முதல் நிலைகளுக்குத் திருப்பியதும் பின்னிருக்கைப் பக்கம் ஓரிரு விநாடி மெல்லிய இரைச்சல் பெரும்பாலும் கேட்கும். கேட்கவில்லையெனில் ஃபியூசையும் பம்பையும் பார்க்க வேண்டும். கேட்டால், அடுத்துப் பிளக்குகளையும் காயில்களையும் சோதிக்கலாம்.

வேறொரு காரிலிருந்து கம்பி இணைத்துக் கிளப்பிய கார் சற்றுத் தொலைவில் மீண்டும் நின்றால், புதிய பாட்டரி வாங்க விரையாதீர்கள். மின்சாரம் ஊட்டும் ஆல்ட்டர்னேட்டர் பழுதாகியிருக்கலாம். நல்ல பாட்டரி, கார் நிற்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், ஓடுகையில் ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்டும். ஓடும்போதும் அளவு உயரவில்லையெனில் புதிய பாட்டரியும் விரைவில் வற்றிவிடும், செலவு வீணாகும்.

வெப்பமுள் சிவப்பைத் தொட்டு நின்ற காரின் ரேடியேட்டர் மூடியை, ஆறும்வரை திறவாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கின. நீரில் மூழ்கிய காரை ஒருபோதும் கிளப்பிப் பார்க்கலாகாது. காற்றைப்போல் நீர் அழுந்திச் சுருங்காது. ஆதலின் இயந்திரத்தினுள் புகுந்த நீர் அதன் தண்டையே வளைத்துவிடும். பட்டறைக்கு இழுத்துச் செல்வதே சிக்கனம்.

பட்டறையில், "கார் ஓடவில்லை" என்று மட்டும் கூறாதீர்கள். எந்த ஒலி கேட்டது, எந்த விளக்கு எரிந்தது, சூட்டில் நின்றதா, குளிரில் நின்றதா என்று சொல்லுங்கள். சோதித்த பின்னரே உறுப்பை மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கண்டதையும் கேட்டதையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரின் உழைப்பு வீண்போகாது.