இடம்பெயர்ந்த வருடங்களையும் எழுதுங்கள்: வேலைக்கான சுயவிபரக் கோவை தயாரித்தல்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரக் கருத்தமர்வில் நிகழ்த்தப்பட்ட உரை)



வீடு துப்புரவாக்குகிற வேலை, கிணறு இறைக்கிற வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரடியாக விடயத்துக்கு வருகிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் சுயவிபரக் கோவையை எப்படித் தயாரிப்பது என்பதே இன்றைய பேச்சு. "சீ.வி." என்று பலரும் சொல்வது இதைத்தான்.

அண்மையில் ஒரு தங்கை தன்னுடைய சுயவிபரக் கோவையைக் கொண்டுவந்து காட்டினா. படித்த பாடசாலை, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் 2008 முதல் 2010 வரை ஒன்றும் இல்லை. "இந்த இரண்டு வருடமும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "ஒன்றும் செய்யவில்லை. முகாமிலதான் இருந்தனாங்கள்" என்றா. கொஞ்சம் கதைத்த பிறகுதான் தெரிந்தது, செட்டிகுளத்தில் தற்காலிகக் கொட்டில் ஒன்றில் நாற்பது சிறுபிள்ளைகளுக்குக் காலையில் படிப்பித்திருக்கிறா, வரவுப் பதிவேடு வைத்திருக்கிறா, கொப்பியும் பென்சிலும் பெற்றுப் பங்கிட்டிருக்கிறா. அவ விண்ணப்பிக்க இருந்ததோ முன்பள்ளி உதவி ஆசிரியை வேலைக்கு. தன்னிடம் இருந்த மிகப் பொருத்தமான அனுபவத்தையே எழுதாமல் விட்டிருந்தா.

இங்கே இருக்கும் பலரும் அப்படித்தான் விட்டிருக்கிறீர்கள். நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்: இடம்பெயர்ந்திருந்த காலத்தை வெறுமையாக விட வேண்டாம். நீங்கள் எங்கே இருந்தாலும் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டுதான் இருந்தீர்கள்.

முதலில் வருடங்களைப் பட்டியலிடுங்கள்

சுயவிபரக் கோவையை எடுத்த எடுப்பில் எழுதத் தொடங்க வேண்டாம். ஒரு கொப்பியை எடுத்து, இடப்பக்கத்தில் பாடசாலையை விட்ட வருடத்திலிருந்து இன்று வரை ஒவ்வொரு வருடத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று விடயங்களைக் குறியுங்கள். எங்கே இருந்தேன்? என்ன செய்தேன்? அதைப் பார்த்தவர், இன்று கேட்டால் சொல்லக்கூடியவர் யார்?

தனியாக இருந்து எழுதினால் பலது ஞாபகத்துக்கு வராது. வீட்டில் உள்ளவர்களோடு இருந்து எழுதுங்கள். "அண்ணா, நீங்கள்தானே தண்ணீர்த் தாங்கிக்கு முறை போட்டு ஆட்களை ஒழுங்குபடுத்தினது" என்று தங்கைதான் ஞாபகப்படுத்துவா.

இந்தப் பட்டியல் உங்களுக்கு மட்டும்தான். விண்ணப்பிக்கும் வேலைக்குப் பொருந்துவதை இதிலிருந்து எடுத்து எழுதுவோம்.

செய்ததை எப்படி எழுதுவது?

உங்கள் விண்ணப்பத்தை வாசிப்பவர் உங்களை அறியாதவர். அவருக்கு முன்னால் இன்னும் பல விண்ணப்பங்கள் இருக்கும். இவருக்கு இந்த வேலை தெரியுமா, அதற்கு அத்தாட்சி உண்டா, இவரோடு எப்படித் தொடர்புகொள்வது என்ற மூன்றையும்தான் அவர் தேடுவார்.

"கடின உழைப்பாளி", "எந்த வேலையும் செய்வேன்" என்ற வசனங்கள் அவருக்கு ஒன்றையும் சொல்லாது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். என்ன செய்தீர்கள், எவ்வளவு செய்தீர்கள், எவ்வளவு காலம் செய்தீர்கள் என்று எழுதுங்கள். சில உதாரணங்கள் சொல்கிறேன்.

"முகாமில் சமையலுக்கு உதவினேன்" என்று எழுதுவதற்குப் பதிலாக: "2009 யூன் – 2010 மார்ச்: செட்டிகுளம் நலன்புரி நிலையம், பொதுச் சமையற்கூடம், தொண்டர். தினமும் சுமார் 200 பேருக்கான அரிசி, பருப்பு, மரக்கறியைப் பொறுப்பேற்று, பதிவேட்டில் பதிந்து, சமையலுக்கு வழங்கினேன்." களஞ்சியப் பொறுப்பாளர் தேவைப்படும் இடத்தில் இந்த மூன்று வரியும் பேசும்.

"மேசன் வேலை தெரியும்" என்பதற்குப் பதிலாக: "2010 முதல்: மீள்குடியேற்றக் கிராமங்களில் ஆறு வீடுகளுக்கு அத்திவாரம், கல்கட்டு, பூச்சு வேலை. இரண்டு உதவியாளர்களை வைத்து வேலை செய்துள்ளேன்."

"தையல் தெரியும்" என்பதற்குப் பதிலாக: "2004 – 2008: வீட்டில் சொந்தமாகத் தையல் தொழில். பாடசாலைச் சீருடை, சட்டை, பாவாடை தைத்து விற்றேன். கால் மிதி இயந்திரமும் மின் இயந்திரமும் இயக்கத் தெரியும்."

எண்ணிக்கை சரியாகத் தெரியாவிட்டால் "சுமார்" என்று போடுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். நேர்முகப் பரீட்சையில் முதலில் கேட்கப்படுவது நீங்கள் எழுதிய வரியைப் பற்றித்தான்.

சண்டை, இழப்பு, பட்ட கஷ்டம் ஆகியவற்றைச் சுயவிபரக் கோவையில் விபரிக்க வேண்டியதில்லை. காலத்தில் ஏன் இடைவெளி என்று விளங்கப்படுத்த ஒரு வரி போதும்: "2008 செப்டெம்பர் – 2009 மே: இடப்பெயர்வு காரணமாகத் தொழில் தடைப்பட்டது." அந்த வரியை எழுத நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. வடக்கில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் எவருக்கும் அந்த மாதங்கள் விளங்கும்.

2009 ஓகஸ்டில் முகாமுக்குள் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளும் இங்கே இருக்கலாம். பெறுபேறு எதிர்பார்த்த மாதிரி இல்லாவிட்டாலும் பரீட்சை எழுதிய வருடத்தையும் சித்தியடைந்த பாடங்களையும் எழுதுங்கள்.

புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து வந்தவர்கள் அங்கே தொழிற்பயிற்சி பெற்றிருந்தால், பயிற்சியின் பெயரையும் காலத்தையும் எழுதுங்கள். வேறு இடத்தில் இருந்ததாகக் கதை சோடித்து எழுத வேண்டாம். எப்படி எழுதுவது என்று தயக்கமாக இருந்தால் எங்களுடைய அலுவலரோடு தனியாகக் கதையுங்கள்.

கோவையில் இருக்க வேண்டியவை

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம். அடுத்து கல்வி, தொழிற்பயிற்சி, வேலை அனுபவம், மொழியறிவு. கடைசியாக உங்களைப் பற்றி விசாரிக்கக்கூடிய இருவரின் விபரம். அதன்கீழ் திகதியும் கையொப்பமும்.

பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்றால் பிறகு சிக்கல் வரும். அப்படியான வித்தியாசம் இருந்தால் கிராம அலுவலரிடம் இப்போதே சொல்லி, திருத்தும் வழியைக் கேளுங்கள்.

தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்களும் கிராமத்தின் பெயர், தபாலகம், மாவட்டம் எழுதுங்கள். உங்களிடம் கைத்தொலைபேசி இல்லாவிட்டால் அயலவர் ஒருவரின் இலக்கத்தை அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அழைப்பு வந்து பதில் கிடைக்காததால் வேலை தவறக்கூடாது.

மொழியறிவில் பேச, வாசிக்க, எழுத என்று மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். சிங்களம் பேச மட்டும் தெரிந்தாலும் அது ஒரு தகைமைதான்.

விவாக நிலை பற்றிச் சகோதரிகள் பலர் கேட்டீர்கள். சில விண்ணப்பப் படிவங்களில் அந்தக் கேள்வி இருக்கும். கணவர் காணாமற்போயிருந்து, மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்காதவர்கள் "திருமணமானவர்" என்று எழுதலாம். அதுவே பத்திரப்படி சரியான பதில். ஒரு வேலைப் படிவத்துக்காக நீங்கள் மனதால் ஏற்காத ஒரு சொல்லை எழுத வேண்டியதில்லை. படிவம் கேட்காவிட்டால் அந்த விபரத்தைச் சேர்க்கவே தேவையில்லை.

சான்றிதழ்கள் தொலைந்திருந்தால்

"எல்லாப் பேப்பரும் முள்ளிவாய்க்காலோடு போச்சு, இனி எப்படி விண்ணப்பிக்கிறது?" என்று பலர் கேட்கிறீர்கள். கையில் இருந்த கடதாசி போனாலும் பதிவு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள் பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கின்றன. உறுதிப்படுத்திய பெறுபேற்றுக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். பரீட்சைக்குத் தோற்றிய வருடம், சுட்டெண், அப்போது பாவித்த பெயர் ஆகியவை தேவை. சுட்டெண் மறந்திருந்தால் பாடசாலை அதிபரிடம் அல்லது வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிறப்புப் பதியப்பட்ட பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அடையாள அட்டை தொலைந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து, கிராம அலுவலர் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இவை கைக்கு வரும்வரை வேலைக்கு விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த பெறுபேற்றை எழுதி, கீழே "மூலச் சான்றிதழ் இடப்பெயர்வின்போது தவறிவிட்டது. உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்துள்ளேன்" என்று குறிப்பிடுங்கள். உண்மையாகவே விண்ணப்பித்த பிறகு மட்டும் அப்படி எழுதுங்கள்.

சான்றிதழே இல்லாத தொழிலாளர்கள்

பத்துப் பதினைந்து வருடம் மேசனாக, தச்சராக, மோட்டார் திருத்துநராக வேலை செய்திருப்பீர்கள், ஒரு சான்றிதழும் இருக்காது. உங்களுக்காகவே தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., முறையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. புதிதாக வகுப்புக்குப் போகாமல், செய்து பழகிய வேலையை மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். இந்த முறையில் மொத்தம் ஏழு மட்டங்கள் உண்டு. கைத்தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் மட்டங்களுக்குத் தோற்றுகிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்தில் அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் இதற்கான விபரத்தைக் கேளுங்கள்.

விசாரிக்கக்கூடிய இருவர்

உறவினர் அல்லாத இருவரின் பெயர், பதவி, முகவரி, தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். முன்பு வேலை தந்தவர் இன்று எங்கே என்று தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் உங்களை அறிந்த அதிபர், ஆசிரியர், கிராம அலுவலர், மதகுரு, கூட்டுறவுச் சங்கத் தலைவர், முகாமில் உங்களோடு வேலை செய்த நிறுவன அலுவலர் ஆகியோரில் இருவரைத் தெரிவுசெய்யுங்கள். அவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றும் சொல்லிவையுங்கள்.

அனுப்பும்போது

அறிவித்தலை இரண்டு முறை வாசியுங்கள். வயதெல்லை, தகைமை, முடிவுத் திகதி ஆகியவற்றைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். அரச வேலைகளுக்கான அறிவித்தல்கள் வர்த்தமானியில் வரும். அவற்றுக்குச் சுயவிபரக் கோவை போதாது, அவர்கள் தந்திருக்கும் மாதிரிப் படிவத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னால் அப்படியே அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடித உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் மறக்க வேண்டாம்.

மூலப் பத்திரங்களை ஒருபோதும் தபாலில் அனுப்ப வேண்டாம். சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதிகளை அனுப்புங்கள். மூலப் பத்திரத்தை நேர்முகப் பரீட்சைக்குக் கையில் கொண்டுபோங்கள்.

தட்டச்சு வசதி இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் நீலம் அல்லது கறுப்புப் பேனையால் தெளிவாக எழுதலாம். ஆங்கிலத்தில் கேட்டால், முதலில் தமிழில் எழுதி, பிறகு தெரிந்தவரைக் கொண்டு மொழிபெயர்ப்பியுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உங்களுக்கு விளங்க வேண்டும். அடுத்தவருடைய கோவையைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது வேண்டாம்.

இன்னொன்று. வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணமோ, அடையாள அட்டையோ, மூலச் சான்றிதழோ கேட்பவர்களிடம் எதையும் கொடுக்க வேண்டாம். எங்களுடைய உதவிக்கும் கட்டணம் இல்லை.

தொடக்கத்தில் சொன்ன தங்கை அந்த இரண்டு வருடத்தையும் நான்கு வரியில் எழுதினா. எழுதி முடித்துவிட்டு, "இவ்வளவும் நான் செய்தேனா?" என்று கேட்டா. உங்களுடைய பட்டியலை எழுதி முடிக்கும்போது நீங்களும் அப்படிக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்று இரவே கொப்பியை எடுத்து வருடங்களை எழுதத் தொடங்குங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அதைக் கொண்டுவாருங்கள். எழுத வாசிக்கச் சிரமமானவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் கேட்டு எழுதித் தருகிறோம்.